மலையைப் பார்த்த குஞ்சுகள்

இந்த ஊரில் எது தலை நிமிர்ந்தாலும் அது அண்ணாமலையாரின் மலையைத்தான் பார்க்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாடு நிமிர்ந்தாலும் அப்படி, குரங்கு நிமிர்ந்தாலும் அப்படி. கழுத்து பிடித்துக்கொண்டு நான் மோவாயைத் தூக்கியபடி நடந்த சமயத்தில், பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதை மன்னித்துவிட்டேன். ஆனால் என் மகளின் கொட்டகையில் கறிக்கோழிக் குஞ்சுகள் சாகக் கிடந்தபோது, அவை சாமி கும்பிடுகின்றன என்று சொல்லிக் கூட்டம் கூட்டிக்கொண்டு வந்தார்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு மண் சந்தின் கடைசியில் அந்தக் கொட்டகை. சந்தின் முன்பாதி முழுக்க வாடகை அறைகளும் காப்பிக் கடைகளும். பின்பாதியில் ஒரு மணிலா, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை, அதைத் தாண்டினால் மகளின் கொட்டகை. மருமகன் பெங்களூரில் லாரி ஓட்டுகிறார். ஆகவே கொட்டகையைப் பார்த்துக்கொள்வது மகளும் அவள் மாமியாரும்தான். அந்த அம்மாள், அதாவது என் சம்பந்தி, என்னைவிட நான்கு வயது சிறியவர். குரல் மட்டும் என்னுடையதைப் போல நான்கு மடங்கு. அவர் கையால் போடும் காப்பி வேப்பிலைக் கஷாயம் போலக் கசக்கும். சொன்னால், "தூள் ஜாஸ்தியா போட்டாத்தான் காப்பி, கம்மியா போட்டா அது கழனித்தண்ணி" என்பார்.

நான் இருப்பது வேங்கிக்காலில். காலையில் டவுன் பஸ் பிடித்துக் கொட்டகைக்கு வந்துவிடுவேன். யாரும் கூப்பிடவில்லை. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் உட்கார்ந்தால் எண்ணுவதற்கு ஜன்னல் கம்பிகள்தான் இருக்கின்றன. பதினாறு. கொட்டகையில் மூவாயிரம் குஞ்சுகள், அறுபது தண்ணீர்க் குவளைகள், அறுபது தீவனத் தட்டுகள், இருபது பல்புகள். எதில் எது குறைந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். மகளுக்கு இது உதவியா உபத்திரவமா என்று நான் கேட்டதில்லை.

கறிக்கோழி வளர்ப்பதை விவசாயம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குஞ்சு கம்பெனியுடையது. தீவனம் கம்பெனியுடையது. மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் தண்ணீரும் கரண்டும் தூக்கமில்லாத கண்களும் மட்டும் நம்முடையவை. கோழி எடை வந்ததும் அவர்கள் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எடை வராவிட்டால் மறுமுறை குஞ்சு இறக்கமாட்டார்கள். போன முறை மகளின் கோழிகளுக்கு எடை குறைந்துவிட்டது. "அக்கா, இந்த பேட்ச்சும் இப்பிடி ஆச்சுன்னா மேல இருக்கறவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்று கம்பெனி சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போயிருந்தான். குஞ்சு இறக்காத கொட்டகை என்பது தகரம் போட்ட வெறும் நிழல். அவள் கல்யாண நகை அத்தனையும் அந்தத் தகரத்துக்குள்தான் இருக்கிறது.

தீவனத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கோபம் முதலில் அங்கேதான் கிளம்பியது. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்கிற பழக்கம் அந்தச் சந்தில் என் ஒருவனுக்குத்தான் உண்டு. மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு எல்லாம் மேலே பெரிய எழுத்தில். கீழே எறும்பு எழுத்தில் வைட்டமின்கள்: ஏ, டி3, ஈ, கே, பிறகு பி குடும்பம் முழுவதும். அதற்கும் கீழே மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, அயோடின், செலினியம். மூட்டை முழுவதிலும் இவையெல்லாம் சேர்த்து ஒரு கை அளவுகூட இராது. ஆனால் அந்த ஒரு கையில்தான் குஞ்சு நிற்கிறது, நடக்கிறது, கண் திறக்கிறது. வெளியே மேயும் கோழி புழுவையும் கீரையையும் மண்ணையும் கொத்தித் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். கொட்டகைக் குஞ்சுக்கு அந்த உரிமை கிடையாது. அது பிறந்தது முதல் போகிற வரை மண்ணைப் பார்ப்பதில்லை, தரையில் பரப்பிய உமியைத்தான் பார்க்கிறது. மூட்டையில் இல்லாதது அதற்கு உலகத்திலேயே இல்லை. அப்படி இருக்கும்போது அந்த மூட்டையை மழையில் நனையவிட்டு, காயவைத்து, கட்டி தட்டியதை உதிர்த்து அனுப்பினால் எப்படி இருக்கும்? அந்த முறை வந்த மூட்டைகளில் ஏழு அப்படித்தான் இருந்தன. சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"ஐயா, தார்ப்பாய்ல கொஞ்சம் ஓட்டை. மேல மட்டும்தான் ஈரம்" என்றான்.

"வைட்டமினுக்கு மேலே கீழே தெரியுமா தம்பி?"

"நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க ஐயா."

நான் ரொம்ப யோசிக்கிறேனாம். யோசிக்க வேண்டியவர்கள் யோசித்திருந்தால் நான் ஏன் யோசிக்கப்போகிறேன்?

மழை நிற்கவில்லை. கார்த்திகை தீபத்துக்கு ஊர் நிரம்பத் தொடங்கியிருந்த சமயம். கொட்டகையின் உமி ஈரமாகி, குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் கண்டது. சூப்பர்வைசர் நேரில் வரவில்லை. தீபக் கூட்டத்தில் வண்டியைத் திருப்பி விடுகிறார்களாம். மருந்துப் பொடியை யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டுப் போனில் சொன்னான். மகள் போனை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

"நூறு லிட்டர் டிரம்முக்குப் பன்னண்டு சின்ன ஸ்பூன். அஞ்சு நாளு."

"பன்னண்டு போதுமாப்பா?" என்று சம்பந்தியம்மாள் எட்டிக் கேட்டார்.

"போதும்மா. கொஞ்சம் ஜாஸ்தியா போனாலும் ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அப்போதே கண்டித்திருக்க வேண்டியது. குவளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மருந்து கேட்டது. ரத்தம் நின்றது. "நல்லா கேக்குதே, இன்னும் ரெண்டு நாளு போட்டுடலாம்" என்றார் சம்பந்தியம்மாள். மகளும் சரி என்றாள். காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் கலக்குவது அவருடைய வேலை. ஒன்று என் பஸ் வந்து சேருவதற்குள் முடிந்துவிடும், மற்றது நான் பஸ் ஏறிய பிறகு.

முதல் குஞ்சை நான்தான் பார்த்தேன். ஓரமாகக் காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. தலை பின்பக்கமாக வளைந்து முதுகைத் தொட்டு, அலகு நேரே கூரையைப் பார்த்தது. விரலால் தலையை முன்னுக்குக் கொண்டுவந்தேன். விட்டதும் மறுபடி மேலே போய்விட்டது. பக்கத்தில் இன்னொன்று. தட்டு ஓரத்தில் மூன்று. தீவனம் காலடியில் கிடக்க, அவை வானத்தைப் பார்த்தபடி பட்டினி கிடந்தன.

சம்பந்தியம்மாள் வந்து குனிந்து பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாருங்க சம்பந்தி. மலையைப் பாக்குது."

"இது நோய் சம்பந்தியம்மா."

"தீபம் வரப்போவுது. வாயில்லாத ஜீவன் மலையைப் பாக்குது. இதுல நோய் எங்க கீது?"

அவர் பக்தி அவரோடு இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆனால் அவர் அதைச் சந்து முனை விடுதிக்காரரிடம் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அறை வாடகைக்கு விடுகிறவர் அவர். எந்த மரத்தடியில் எந்தச் சாமியார் உட்கார்ந்திருந்தார், எந்தப் பாறை எந்த நேரத்தில் எந்த முகமாகத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே தொழில் நடத்துகிறார். மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது கொட்டகை வாசலில் பதினான்கு ஜோடிச் செருப்பு.

செருப்பைக் கழற்றிய பக்தியை மெச்ச வேண்டும். ஆனால் மலையை வெறுங்காலோடு சுற்றி எங்கெங்கோ மிதித்த காலை வைத்துக்கொண்டு நேரே குஞ்சுகளுக்கு நடுவே போய் நின்றிருந்தார்கள். வாசலில் மகள் வைத்திருந்த கிருமிநாசினித் தொட்டியைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஒருவர் அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டாராம். யாரோ கம்பி வலையில் சாமந்திப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். யாரோ சுண்டலை உள்ளே இறைத்திருந்தார்கள், பதினெட்டு நாள் குஞ்சுக்குச் சுண்டல்! எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெரியவர், என் வயதுதான் இருக்கும், தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். காலடியில் கணுக்கால் ஆழத்துக்கு உமி. தலைக்கு மேலே பிளாஸ்டிக் படுதா.

"அணையுங்க!" என்று கத்தினேன்.

"கற்பூரத்தை வாயால ஊதி அணைக்கக் கூடாது சார்" என்றார் விடுதிக்காரர்.

என் செருப்பால் அணைத்தேன். அதற்காக அங்கே எனக்குக் கிடைத்த பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை.

"சார், கோபப்படாதீங்க" என்று விடுதிக்காரர் என்னை ஓரங்கட்டினார். "ஃபாரின்காரர் ஒருத்தர் இதுங்களப் பாத்துட்டு அழுதுட்டார் சார். இதுங்க சாதாரணப் பறவை இல்ல. எல்லாம் மலைப்பக்கமே பாக்குதுங்க."

எல்லாம் மலைப்பக்கமே பார்க்கின்றனவா? எண்ணிப் பார்க்காமல் எப்படிச் சொல்லலாம்? எண்ணினேன். கழுத்து திரும்பியவை அன்று ஐம்பத்தெட்டு. மலை இருக்கும் பக்கம் முகம் வைத்திருந்தவை பதினொன்று. செங்கம் சாலைப் பக்கம் பத்தொன்பது. மீதி அத்தனையும் தண்ணீர் டேங்கையும் மணிலாக் கொல்லையையும் பார்த்துக்கொண்டிருந்தன. அதுவும், உள்ளே இருப்பது தகரக் கூரை. எந்தப் பக்கம் நிமிர்ந்தாலும் தெரிவது துருதான். இதை விடுதிக்காரரிடம் சத்தமாகவே சொன்னேன்.

"கண்ணு எங்க இருந்தா இன்னா சார், மனசு மலை மேல இருந்தா சரி" என்றார்.

இப்படிப் பேசுகிறவரிடம் எந்தக் கணக்கை வைத்துப் பேசுவது?

மகள்தான் எல்லோரையும் கும்பிட்டுக் கும்பிட்டு வெளியே அனுப்பினாள். பிறகு குஞ்சுகளைப் போனில் படம் எடுத்துச் சூப்பர்வைசருக்கு அனுப்பினாள். அரை மணியில் அவன் கூப்பிட்டான். குரல் மாறியிருந்தது.

"அக்கா, இது ராணிக்கெட் நோய் மாதிரி தெரியுதுக்கா. அதுலயும் கழுத்து இப்பிடித்தான் முறுக்கும். ஆபீஸ்ல சொல்லிட்டேன். நாளைக்கு வந்து பாத்துட்டு ஷெட்டைக் காலி பண்ணிடச் சொல்றாங்க. விட்டா மத்த ஃபார்முக்குப் பரவிடும்."

"காலி பண்றதுன்னா?"

"எல்லாத்தையும்தான்க்கா. குழி ஒண்ணு தோண்டி வெச்சுடுங்க."

"அடுத்த பேட்ச்?"

நான் போனைப் பிடுங்கினேன். நனைந்த மூட்டை, ஓட்டைத் தார்ப்பாய், செத்துப்போன வைட்டமின், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "உன் தீவனத்துல சத்து இல்லப்பா. அதை மறைக்க நோய்னு சொல்றியா?" என்று கேட்டேன். அவனும் சூடாகிவிட்டான். "அதே லோடு தீனி பத்து ஃபார்முக்குப் போயிருக்குங்க ஐயா. எந்த ஃபார்ம்லயும் கோழி வானத்தைப் பாக்கலையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மகள் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன சொல்வதென்று தெரிந்திருக்கும். நான் ஓரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

"அப்பா, எண்ணாதீங்கப்பா" என்றாள். "எண்ணி என்ன ஆவப்போவுது? ஏதாவது செய்யுங்க, இல்ல வீட்டுக்குப் போங்க."

பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றில் கழுத்து திரும்பிய குஞ்சு இரண்டை வைத்து, மூடியில் துளை போட்டு, பஸ் ஏறினேன். அரசு கால்நடை மருத்துவமனை. தீபத்துக்காகப் பாதையை மாற்றிவிட்டிருந்ததால் பஸ் ஊரைச் சுற்றிச் சுற்றிப் போனது. பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்ற சத்தம்கூட வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "பெட்டியில இன்னாங்க, லட்டா?" என்று கேட்டார். நான் பெட்டியை மடியின் மறுபக்கம் நகர்த்திக்கொண்டேன்.

மருத்துவர் இளம்பெண். குஞ்சைக் கையில் எடுத்து, மூக்கைப் பார்த்தார், அடிப்பக்கத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"மூச்சு இழுக்குதா? பச்சையா கழியுதா?"

"ரெண்டும் இல்லம்மா. நான் கவனிச்சுட்டுதான் இருக்கேன்."

"தடுப்பு மருந்து போட்டீங்களா?"

"போட்டாச்சு. ஒரு குஞ்சு விடல."

"இது ராணிக்கெட் மாதிரி எனக்குத் தோணலீங்க சார். வைட்டமின் பி1 இல்லாமப் போனா இப்பிடித்தான் வானத்தைப் பாக்கும். ஒண்ணு செஞ்சு பாத்துடலாம். ஒரு குஞ்சுக்கு மட்டும் பி1 ஊசி போடறேன், இன்னொண்ணு அப்பிடியே இருக்கட்டும். பி1தான்னா சாயந்தரத்துக்குள்ள கழுத்து இறங்கும். ராணிக்கெட் வைரஸா இருந்தா இறங்காது."

வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊசி போட்டதற்கு அடையாளமாக அதன் காலில் மருத்துவர் ஒரு நூல் கட்டியிருந்தார். ஆடு பிடித்துக்கொண்டு வந்தவர்கள், நாய் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் சட்டைப் பையிலும் ஒரு பி-காம்ப்ளெக்ஸ் அட்டை இருந்தது. காலும் கையும் மரத்துப்போகிறது என்று எனக்கு எழுதிக் கொடுத்தது. என் அளவை எனக்கு மாத்திரை மாத்திரையாக எண்ணித் தருகிறார்கள். விழுங்க மறந்தால் நானே மருந்துக்கடைக்குப் போய்விடலாம். இந்தப் பெட்டிக்குள் இருப்பது எங்கே போகும்? அதன் சத்து முழுவதும் யாரோ ஒருவருடைய கையில் இருக்கிறது. அந்தக் கை தவறினால் அதற்கு வானம்தான்.

வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போன பிறகு, நூல் கட்டிய குஞ்சின் தலை கொஞ்சம் முன்னுக்கு வந்தது. மறுபடி பின்னால் போகும் என்று பார்த்தேன். போகவில்லை. இன்னும் முன்னுக்கு வந்தது. பிறகு தள்ளாடி எழுந்து நின்று, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைக் கொத்தியது. மற்றது அப்படியே அட்டை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்த வேகத்தில் மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது.

மருத்துவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது குஞ்சுக்கும் ஊசி போட்டார். உடனே என் பல்லவியைத் தொடங்கினேன்: நனைந்த மூட்டை, தார்ப்பாய்.

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம் சார். ஆனா அது மட்டும் போதாது. தண்ணியில ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

ரத்தக் கழிச்சல் மருந்தின் பெயரைச் சொன்னேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"அந்தக் கிருமிக்கும் பி1 வேணும். இந்த மருந்து பி1 மாதிரியே இருக்கும். கிருமி ஏமாந்துபோய் இதை எடுத்துக்கிட்டுப் பட்டினியில சாவும். அளவு தாண்டிச்சுன்னா குஞ்சும் அதே மாதிரி ஏமாந்துபோவும். எவ்ளோ போட்டீங்க?"

"நூறு லிட்டருக்குப் பன்னண்டு ஸ்பூன்."

"அது சரியான அளவு. நீங்களே கலக்கறீங்களா?"

நான் கலக்கவில்லை. நான் எண்ணாத ஒரே விஷயம் அதுதான்.

கொட்டகைக்குத் திரும்பியபோது சம்பந்தியம்மாள் சாயங்கால டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தார். எப்படி அளக்கிறார் என்று பார்க்கப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பொடி பாக்கெட்டைப் பிரித்து ஸ்பூனை எடுத்தார். நெல் அளக்கிறவர்கள் போல, முதலாவதை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லித் தொடங்கினார்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

பன்னிரண்டு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தலையைத் தட்டி மட்டமாக்கிய ஸ்பூன்கள். எனக்கே மரியாதை வந்தது. பிறகு ஸ்பூனை இடுப்பில் செருகிக்கொண்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டு, ஒரு கைப்பிடி பொடியை அள்ளி, "அண்ணாமலையாருக்கு" என்று சொல்லி டிரம்மில் போட்டார்.

"இது என்ன சம்பந்தியம்மா?"

"எது?"

"இப்ப கையால போட்டீங்களே."

"அதுவா? சாமி கை." நான் ஏதோ தெரியாதவன் போல என்னைப் பார்த்தார். "சோத்துக்கு அரிசி அளந்தா, மலை சுத்தறவங்களுக்குன்னு ஒரு கை போடுவோம் இல்ல? அளந்தது நமக்கு, அள்ளினது அவருக்கு. எங்க மாமியார் காலத்துல இருந்து அப்பிடித்தான்."

அரிசிக்கு உண்டு, தெரியும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்த வீட்டு வாசலில் கிரிவலம் வருகிறவர்களுக்குப் புளிச்சோறு போடுகிறார்கள். நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கை அரிசியோடு நிற்கவில்லை. காப்பித்தூளுக்குப் போனது. துணி சோப்புத்தூளுக்குப் போனது, அதனால்தான் அந்த வீட்டு ஜலதாரையில் எப்போதும் நுரை. இப்போது மருந்துக்கு வந்திருக்கிறது. அவர் அள்ளிய அதே அளவு ஒரு கை அள்ளித் தரச்சொல்லி, காகிதத்தில் கொட்டி, ஸ்பூனால் அளந்தேன். பதினோரு ஸ்பூன்.

"பன்னண்டுக்கு மேல பதினொண்ணு!" என்று கத்தினேன். "ஒவ்வொரு டிரம்முக்கும் ரெண்டு மடங்கு! இது மருந்தும்மா, சோறில்ல! இதுக்கு மேல ரெண்டு நாளு வேற! உங்க சாமிக்கு ரத்தக் கழிச்சலா?"

"வாயைக் கழுவுங்க!" என்றார் அவர். ஆனால் குரல் நான்கு மடங்கு இல்லை. என்னுடையதில் பாதிகூட இல்லை. "நல்லதுக்குத்தானே போட்டேன். நல்லதை ஒரு கை ஜாஸ்தியா போட்டா கெட்டதாவுமா?"

மகள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. டிரம்மை ஒரே உதையில் கவிழ்த்தாள். நூறு லிட்டரும் மணிலாக் கொல்லைக்குள் ஓடியது. பிறகு மாமியாரைப் பார்த்து, "அத்தை, நீங்க போய் உக்காருங்க. அப்பா, நீங்க கத்தாதீங்க. பி1 எவ்ளோ போடணும்னு டாக்டர் சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவளே அளந்தாள். கழுத்து திரும்பிய குஞ்சுகளால் குனிந்து தண்ணீர் குடிக்க முடியாது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அலகில் சொட்டு விட்டோம், மூன்று பேரும். சம்பந்தியம்மாள் உட்காரவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தான். பின்னால் குழி தோண்ட இரண்டு ஆட்கள். உள்ளே போனவன் நின்றுவிட்டான். கழுத்துகளில் முக்கால்வாசி இறங்கியிருந்தன. குஞ்சுகள் தட்டுக்குத் தட்டு முட்டி மோதிக்கொண்டிருந்தன. மருத்துவர் எழுதித் தந்ததை மகள் காட்டினாள், நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவு எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ ஃபார்ம் சைடு தப்பு" என்றான். "டோஸை மாத்திப் போட்டிருக்கீங்க. அப்பிடித்தான்க்கா நான் ரிப்போர்ட் குடுக்க முடியும். அடுத்த பேட்ச் கஷ்டம்தான்."

எனக்கு முன்னால் சம்பந்தியம்மாள் எழுந்துவிட்டார். குரல் திரும்பி வந்திருந்தது.

"ஏம்ப்பா, நீ இன்னா சொன்ன? போன்ல இன்னா சொன்ன? கொஞ்சம் ஜாஸ்தியா போனாலும் ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்கன்னு சொல்லல? இங்க மூணு பேரு கேட்டோம்."

"கொஞ்சம்னுதானம்மா சொன்னேன்..."

"கொஞ்சம்னா எவ்ளோ? எனக்கு ஒரு கைதான்யா கொஞ்சம். உனக்குக் கொஞ்சம்னா எத்தினி ஸ்பூனு? சொல்லியிருந்தியா? தப்பு என்னுது, நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன். ஆனா உன்னுதையும் சேத்து எழுது. என் மருமவ தலையில எழுதாத."

அவன் என்னைப் பார்த்தான். நான் நனைந்த மூட்டைகளின் பக்கம் பார்த்தேன். ஏழும் பாதி தீர்ந்தபடி அங்கேயே வரிசையாக இருந்தன. அவனும் எண்ணியிருக்க வேண்டும்.

கடைசியில் அவன் வெளியே போய் யாரிடமோ நீண்ட நேரம் பேசினான். ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஏழு மூட்டைகளுக்குப் பதில் புது மூட்டைகள் வந்தன. செத்தவை பதிமூன்று. அவற்றுக்கு மட்டும் ஒரு சின்னக் குழி போதுமாக இருந்தது. எடை வந்தால் அடுத்த முறை குஞ்சு இறங்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். இவ்வளவையும் தன் வாயால் ஆரம்பித்து வைத்தவன், பெரிய உபகாரம் செய்கிறவன் போலச் சொல்லிவிட்டுப் போனான். மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் வரவில்லை.

விடுதிக்காரரும் விடவில்லை. தீபத்துக்கு முதல் நாள் இன்னும் பெரிய கூட்டத்தோடு வந்தார். மகள் கதவில் பூட்டுப் போட்டிருந்தாள். வலை வழியாக எல்லோரும் பார்த்தார்கள். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கோழிகள் தலையைக் குனிந்து தின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூட நிமிரவில்லை.

"சார், மலையைப் பாத்ததெல்லாம் எங்க?" என்றார் விடுதிக்காரர், ஏதோ நான் ஒளித்து வைத்திருப்பது போல.

நான் பி1ல் தொடங்கி விளக்க வாயைத் திறந்தேன். சம்பந்தியம்மாள் முந்திக்கொண்டார்.

"பாத்து முடிச்சிட்டுதுங்க. இப்போ பசி. போங்க, போய் நீங்க பாருங்க மலையை."

எடை வந்தது. தை பிறந்த பிறகு புதுக் குஞ்சுகள் பெட்டி பெட்டியாக இறங்கின. மகள் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். கடைசிப் பெட்டியைக் கவிழ்த்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல் நாள் தண்ணீரில் வைட்டமின் கலந்து கொடுக்க வேண்டும், வழிப் பயணக் களைப்புக்கு. நான் அன்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். சம்பந்தியம்மாள் என் எதிரிலேயே அளந்தார். லாபம், ரெண்டு, மூணு. அளந்து முடித்து, பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கீழே வைத்தார். பிறகு வெறும் கையை மூடி, டிரம்முக்கு மேலே கொண்டுபோய்த் திறந்தார்.

"இது என்ன?" என்றேன்.

"சாமி கை. காத்துதான் போட்டேன். அதுவும் ஜாஸ்தியா சம்பந்தி?"

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் டிரம்முக்குள் குனிந்து பார்த்தேன்.